இதயத்தின் அறை ஏன் பெரிதாகிறது?

போலகம் வயல்வெளியில் வாய்க்கால் மதகை முக்கால்வாசி அடைத்தால் என்ன ஆகும்? மதகுக்கு மேலே நீர் ஏறிக் கரையை முட்டும். இதயத்தின் இடது மேலறைக்கும் இதே கதி நேர்வதுண்டு.

நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் இந்த அறையிலிருந்து மிட்ரல் என்னும் ஈரிதழ் வால்வு வழியே கீழறைக்கு இறங்குகிறது. வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. நம் நாட்டில் இது சுருங்குவதற்குப் பெருங்காரணம் ரூமாட்டிக் காய்ச்சல். ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்த சிறுவர்களில் மிகச் சிலருக்கு, கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை ஆள் மாறி வால்வையே தாக்குகிறது. ஆண்டுகள் செல்ல இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்கின்றன. திறப்பு 1.5 சதுர செ.மீ. அளவுக்குக் குறுகிவிட்டால் நோய் கடுமை என்று பொருள். மேலறையில் அழுத்தம் ஏறுகிறது, சுவர் விரிகிறது. (இரத்தக் கொதிப்பாலும் இவ்வறை விரியும், அது பெரும்பாலும் வயதானவர்கள் விஷயம்.)

இனி வருவது பௌதிகம். லாப்லாஸ் விதிப்படி, சுவரின் இழுவிசை அழுத்தத்தோடும் ஆரத்தோடும் கூடும். ஆகவே அறை விரிந்தால், அழுத்தம் ஏறாவிட்டாலும் இழுவிசை ஏறும். அது சுவரை மேலும் விரிக்கும்! இழுபட்ட சுவரில் மின்துடிப்பு தடுமாறுகிறது. தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

தொண்டைப்புண் ஆறி இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ காய்ச்சலுடன் முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகள் மாறி மாறி வீங்கினால், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ரூமாட்டிக் காய்ச்சல்தான் என்று உறுதியானால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்குப் போடுவார்கள். கிருமி மறுபடி தொண்டையில் குடியேறும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். வால்வின் மீது அடுத்த தாக்குதல் நிகழும் வாய்ப்பும் குறையும்.