செங்கல் சுவரும் தண்ணீர்க் கணக்கும்

காய்ந்த செங்கல் ஒன்றைத் தண்ணீருக்குள் போட்டால் சற்று நேரம் குமிழி வந்துகொண்டே இருக்கும். கல்லின் நுண்துளைகளில் இருந்த காற்று வெளியேற, அந்த இடத்தில் தண்ணீர் புகுகிறது. சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் ஊறினாலும் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 1077 என்னும் இந்தியத் தர நிர்ணயம். மூன்று கிலோ எடையுள்ள கல்லுக்கு அது 600 மில்லி. தேறிய கல்லே அவ்வளவு குடிக்கலாம் என்றால், வெயிலில் கிடந்த கல்லைச் சாந்தின் மேல் அப்படியே வைத்தால் என்ன ஆகும்? சாந்தில் உள்ள தண்ணீரைச் சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொள்ளும்.

அதில்தான் கேடு இருக்கிறது. சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. பாதியில் தண்ணீர் பறிபோனால் அந்த வினை நின்றுவிடும். சுவர் பார்வைக்கு ஒழுங்காகத்தான் நிற்கும். ஆனால் இணைப்பை ஓர் ஆணியால் சுரண்டினால் மணல் மணலாகக் கொட்டும்.

ஆகவே குமிழி நிற்கும் வரை கல்லை ஊறப்போட வேண்டும். எடுத்த கையோடு, சொட்டச் சொட்டவும் வைக்கக் கூடாது. கல் வழுக்கும், சாந்து பிதுங்கி வழியும். மேல் ஈரம் வாடி, உள் ஈரம் நிற்கும் கல்தான் பதமானது. பல இடங்களில் கல் அடுக்கின் மேல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் வெளியே தெரியும் கற்களின் முகம் மட்டுமே நனைகிறது. தொட்டியிலோ டிரம்மிலோ முங்கப்போடுவதுதான் சரி. சிமெண்ட் கல், ஹாலோ பிளாக் விஷயம் வேறு. அவற்றை ஊறவைத்துக் கட்டினால், பின்னால் காயும்போது சுருங்கிச் சுவரில் விரிசல் விடும். சாந்து படும் முகத்தில் லேசாகத் தெளித்தால் போதும்.

அடுத்தது கலவை. ஒன்பது இஞ்ச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், நாலரை இஞ்ச் சுவருக்கு நான்கு பங்கு மணல் என்பது வழக்கம். ‘சிமெண்ட் கூடினால் பலம் கூடும்’ என்று வீட்டுக்காரர்களே கேட்டுப் போடச் சொல்கிறார்கள். அது தவறு. சிமெண்ட் மிகுந்த சாந்து அதிகமாகச் சுருங்கும், விறைப்பாகவும் இருக்கும். அஸ்திவாரம் சிறிது அசைந்தாலும் விரிசல் இணைப்போடு நிற்காமல் கல்லையே பிளந்துகொண்டு போகும். சாந்து கல்லைவிடக் கடினமாக இருக்கவே கூடாது.

அளப்பதிலும் கவனம் வேண்டும். 50 கிலோ மூட்டை சிமெண்ட் ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளளவு. அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்து அதில்தான் மணல் அளக்க வேண்டும். சட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஈர மணல் உப்பி, உலர்ந்த மணலைவிடக் கால் பங்கு வரைகூட அதிக இடம் அடைக்கும். எனவே மழைக்காலத்தில் பெட்டி நிறைந்தாலும் உள்ளே இருக்கும் மணல் குறைவு.

தண்ணீர் ஊற்றிய சாந்தை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. டீ குடித்துவிட்டு வந்து, இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறினால் அது பழைய பலத்துக்குத் திரும்பாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள்.

கட்டும் முறை கொத்தனாருக்குத் தெரிந்ததுதான். மூலைகளை முதலில் எழுப்பி, நூல் கட்டி, வரிக்கு வரி மட்டம் பார்த்து, தூக்குக்குண்டு பிடித்துப் போவார்கள். கல்லின் பள்ளம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் சாந்து அதில் நிறையும். இணைப்பின் கனம் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். கீழ் வரியின் இணைப்புக்கு நேர்மேலே மேல் வரியின் இணைப்பு வரக் கூடாது. வந்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே விரியும்.

நீங்கள் நின்று பார்க்க வேண்டியது செங்குத்து இடுக்குகளை. அடியில் சாந்து பரப்பிக் கல்லை வைத்துவிட்டு, பக்க இடுக்கின் வாயை மட்டும் கரண்டியால் அடைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உள்ளே கூடாக நிற்கும். வெளிச் சுவரில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் ஊறிவர இந்த வெற்றிடமும் வழி விடுகிறது. கல்லின் பக்கவாட்டில் சாந்து அப்பி, முந்திய கல்லோடு நெருக்கித் தள்ளி வைத்தால் இடுக்கு முழுதும் நிறையும்.

ஒரே நாளில் ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட விடாதீர்கள். அடியில் உள்ள சாந்து இறுகும் முன்னே பாரம் ஏறினால் சுவர் தூக்கு மாறும். பூச்சு வரப்போகும் சுவரென்றால், சாந்து பச்சையாக இருக்கும்போதே இணைப்புகளை அரை அங்குலம் வரை சுரண்டிவிட வேண்டும். பூச்சுக்குப் பிடிப்பு அதுதான்.

கட்டி முடிந்த பிறகு குறைந்தது ஏழு நாள் சுவர் ஈரமாகவே இருக்க வேண்டும். காலையும் மாலையும் மட்டும் நனைப்பது கோடையில் போதாது. ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். கொத்தனாரும் சித்தாளும் அடுத்த வேலைக்குப் போய்விடுவதால் முதலில் கைவிடப்படுவது இதுதான். கூலி பேசும்போதே, தண்ணீர் விட ஓர் ஆளுக்கு ஏழு நாள் கூலியைத் தனியாகச் சேர்த்துப் பேசிவிடுங்கள்.