பீரோவில் இருந்தால் பத்திரமா?

"எங்கள் வீட்டுப் போட்டோக்கள் அத்தனைக்கும் இன்னொரு பிரதி எடுத்து வைத்துவிட்டேன்!" என்று பெருமையுடன் சொல்லும் சகோதரிகள் இன்று அநேகம். நல்ல காரியந்தான். ஆனால், "எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கம்ப்யூட்டர் மேஜை டிராயரில்" என்பார்கள்! கம்ப்யூட்டரைத் தூக்கிச் செல்ல வரும் திருடன், டிராயரைத் திறந்து பார்க்காமலா போவான்?

நெருப்பும் அப்படித்தான். 2021 மார்ச் 10-ம் தேதி, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஓ.வி.எச். கம்பெனியின் கட்டிடம் ஒன்று எரிந்து போயிற்று. பிறருடைய தகவல்களைக் காத்து வைப்பதே அந்தக் கம்பெனியின் தொழில். மூலத்தையும் பிரதியையும் அங்கேயே வைத்திருந்த சிலர், இரண்டையும் ஒருங்கே இழந்தார்கள்.

"நெருப்புத் தாங்கும் பெட்டி வாங்கிவிட்டால்?" என்று கேட்கலாம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்கத் தர விதிகளின்படி, காகிதத்துக்கான பெட்டியின் உட்புறம் சுமார் 177 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறலாம், பத்திரங்கள் பிழைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் தட்டுகளுக்கான பெட்டிக்கோ வரம்பு சுமார் 52 டிகிரிதான்! ஆகவே, வாங்கும்போது எதற்கான பெட்டி என்று கேட்டு வாங்குவது அவசியம்.

வெள்ளத்தைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் தரைத்தளத்து வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர், பீரோவின் கீழ்த்தட்டை விட்டு வைத்ததா?

நிபுணர்கள் சொல்லும் கணக்கு சுலபமானது: 3, 2, 1. மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள். இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இண்டர்நெட் வழியாகக் கிளவுடில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அது பிடிக்காவிட்டால், இன்னொரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, ரகசியச் சொல்லால் பூட்டி, வெளியூரில் இருக்கும் தாயார் வீட்டில் கொடுத்து வையுங்கள். திருடு போனாலும் பிறர் பார்க்க முடியாது. அந்தச் சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்!

வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் போகும்போது, அதைத் திறந்து பார்த்துப் புதிய படங்களையும் சேர்த்து வாருங்கள். பிறந்த வீட்டுக்குப் போக இன்னொரு சாக்கும் கிடைத்த மாதிரி ஆயிற்று!

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். மறைந்த தாத்தா பேத்தியைக் கொஞ்சிய குரலை எந்தக் கடையில் வாங்குவது?