செயற்கைக்கோள் இணையக் கருவியுடன் மலைப்பயணம்: இதயநோயாளர் அறிய வேண்டியவை

இதயநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்கள் இமயமலைப் பகுதிகளுக்குச் செல்லலாமா என்று கேட்பது புதிதன்று. அண்மைக்காலமாக அக்கேள்வியுடன் மற்றொன்றும் சேர்ந்து வருகிறது: "வெளிநாட்டிலிருக்கும் மகன் செயற்கைக்கோள் இணையக் கருவி ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறான். செல்பேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் உங்களிடம் பேசிவிடலாம் அல்லவா, டாக்டர்?" பேசலாம். அப்பேச்சினால் எது இயலும், எது இயலாது என்பதைப் புறப்படுமுன் அறிந்துகொள்வது நலம்.

1999ஆம் ஆண்டு தென்துருவத்திலுள்ள அமுண்ட்சென்–ஸ்காட் ஆய்வு நிலையத்தில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். நிலையத்தின் ஒரே மருத்துவரான ஜெர்ரி நீல்சன், குளிர்கால நடுவில் தம் மார்பகத்தில் கட்டி இருப்பதைக் கண்டார். அக்காலத்தில் அங்குக் குளிர்காலத்தில் விமானங்கள் இறங்குவதில்லை. மருத்துவப் பயிற்சி இல்லாத சக பணியாளர்களின் துணையுடன் அவரே திசு மாதிரியை எடுத்தார். அதன் படங்கள், நாளில் சில மணி நேரமே கிடைத்த செயற்கைக்கோள் தொடர்பு வழியே அமெரிக்க வல்லுநர்களைச் சென்றடைந்தன. புற்றுநோய் உறுதியாயிற்று. வேதிச்சிகிச்சையை எவ்வாறு மேற்கொள்வது என்ற அறிவுரையும் அவ்வழியே வந்தது. ஆனால் மருந்து? ஜூலையில் ஒரு விமானம், தரையிறங்காமலே, துருவ இருளில் அதனைப் போட்டுச் சென்றது. நீல்சன் வெளியேற அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்பின் அவர் 2009 வரை வாழ்ந்தார். அறிவுரை நொடிகளில் வந்தது. மருந்தும் மீட்பும் வரத் தம் காலத்தை எடுத்துக்கொண்டன. கால் நூற்றாண்டு கடந்தும் இந்த வேறுபாடு மறைந்துவிடவில்லை.

கருவி மட்டும் வெகுவாகச் சுருங்கிவிட்டது. புவிநிலைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. அவற்றின் வழியே பேசினால் வினாவுக்கும் விடைக்கும் இடையே அரை நொடி தாமதம் நேரும். ஸ்டார்லிங்க் போன்றவை 550 கிலோமீட்டர் அளவிலான தாழ்ந்த சுற்றுப்பாதையில் விரைவதால் அத்தாமதம் உணரப்படுவதில்லை. அதன் 'மினி' தட்டின் எடை ஒரு கிலோகிராமைச் சற்றே தாண்டும். எனினும் செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் தட்டுக்குப் பரந்த திறந்த வானம் தேவை. குறுகிய பள்ளத்தாக்கிலோ அடர்ந்த மரநிழலிலோ இணைப்பு அறுந்து அறுந்து வரும், கனமழையிலும் தளரும். 25 முதல் 40 வாட் வரை மின்சாரம் இழுப்பதால் 100 வாட்-மணி மின்கலம் மூன்று மணி நேரம் தாங்கினால் நன்று. கடுங்குளிரில் அதுவும் குறையும். இரவில் மின்கலத்தை உடைக்குள் அணைத்து வைத்து உறங்கும் மலையேறிகள் அனுபவசாலிகள்.

ஆதலால் மருத்துவரைத் தொடர்புகொள்ளும்போது காணொலி அழைப்பில் தொடங்க வேண்டாம். முதலில் எழுத்து: தொந்தரவு தொடங்கிய நேரம், குருதியழுத்தம், நாடித்துடிப்பு, உட்கொண்ட மருந்துகள், நிற்கும் இடத்தின் உயரம். இசிஜி எடுக்க வாய்த்தால் தாளைச் சமதளத்தில் விரித்து, நேர் மேலிருந்து, நிழல் விழாமல் ஒரே ஒரு படம். தெளிவான ஓர் அசையாப் படம், திக்கித் திக்கி ஓடும் பத்து நிமிடக் காணொலியைவிட எனக்குப் பயன்படும். மருந்துச்சீட்டு, கடைசி எக்கோ அறிக்கை, ஒவ்வாமை விவரம் ஆகியவற்றை இணையமின்றியும் திறக்கும்படி செல்பேசியில் வைத்திருங்கள். உடன் செல்பவர் ஒருவருக்கேனும் அவை இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும். மயங்கிக் கிடப்பவரால் தம் கடவுச்சொல்லைச் சொல்ல இயலாது.

விரல்நுனி ஆக்சிமீட்டரைப் பற்றியும் ஒரு சொல். 3,500 மீட்டர் உயரமுள்ள லே போன்ற இடங்களில், நலமாக இருப்பவர்க்கும் ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்குச் சற்றுக் கீழே காட்டுவது அரிதன்று. விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் தவறாகக் காட்டும். அந்த எண்ணை மட்டும் வீட்டாருக்கு அனுப்பி அனைவரும் கலங்குவதில் பொருளில்லை.

உண்மையான அச்சம் வேறொன்று. ஓய்ந்து அமர்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், தள்ளாடும் நடை, குழம்பிய பேச்சு ஆகியவற்றில் எது தோன்றினாலும் நுரையீரலிலோ மூளையிலோ உயரத்தினால் நீர் கோத்திருக்கலாம். அதற்கு முதன்மையான சிகிச்சை கீழே இறங்குவதே. கூடாரத்துக்கு வெளியே தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து மருத்துவரின் விடைக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரம், நோயாளர் தம் கால்களால் இறங்கக்கூடிய கடைசி மணி நேரமாக ஆகிவிடக்கூடும். இருட்டு முற்றிலும் சூழுமுன், துணையுடன் இறங்கத் தொடங்குங்கள். ஆக்சிஜன் இருப்பின் கொடுங்கள். செய்தியை வழியில் அனுப்பலாம். மாரடைப்புக்குரிய நெஞ்சுவலியிலும் இதே முறைதான்: முதலில் மீட்புக்கு அழைப்பு, பிறகு எனக்கு. அத்தருணத்துக்குரிய மாத்திரைகள் எவை, எத்தனை என்பதைப் புறப்படுமுன் புறநோயாளர் பிரிவிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மகன் வாங்கித் தரும் கருவி. இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் இத்தகைய இணையக் கருவிகளையும் உரிய அரசு அனுமதியின்றிக் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. செயற்கைக்கோள் தொலைபேசியுடன் வந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டதுண்டு. எல்லையோர மலைப்பகுதிகளில் சோதனை இன்னும் கடுமையாக இருக்கும். பெட்டியில் எடுத்து வைக்குமுன் தொலைத்தொடர்புத் துறையின் நடப்பு விதிகளையும், செல்லும் நாட்டின் விதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரேனும் பரிசோதனைக்கு வருபவர்கள், நாள்தோறும் தங்கும் ஊரும் அதன் உயரமும் குறித்த பயணத் திட்டத்தையும் கையோடு கொண்டு வரவும்.