பனைக்கும் அடுப்புக்கும் எவ்வளவு தூரம்?

சென்ற வாரம், மரத்திலிருந்து இறங்கிய பதநீரைக் கலயத்தோடு அப்படியே விட்டுவிட்டு வந்தோம். வாசகர்கள் ஒரு வாரம் காத்திருக்கலாம். பதநீர் ஒரு பகல்கூடக் காத்திருக்காது. கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர, நிறுத்திவிடாது.

புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் ஒருவர் புதிதாகக் கருப்பட்டி காய்ச்சும் கொட்டகை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரைச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கண்ணெதிரே காய்ச்சி, சிரட்டையிலிருந்து தட்டிக் கொடுத்தால் நல்ல விலைக்குப் போகும். எல்லாம் சரி, பனைதான் அங்கே இல்லை. மரங்கள் விழுப்புரம் மாவட்டத்து நரசிங்கனூர், பூரிகுடிசைப் பக்கம் நிற்கின்றன. விடிகாலையில் இறக்கிய பதநீர் வண்டியேறி, வெயிலில் குலுங்கி, தெருவுக்கு வந்து சேர்வதற்குள் நுரைக்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியிலோ அரசே கள்ளுக்கடைகளை ஏலம் விடுகிறது. ஆக, வழியில் புளித்தால் குற்றம், எல்லை தாண்டினால் சரக்கு! சட்டம் கிடக்கட்டும், புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது, கருப்பட்டி உறையாது. அதனால்தான் காலங்காலமாக அடுப்பு பனையைத் தேடிப் போயிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து அதிக தூரமில்லாத நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு ஒரு காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பனஞ்சரக்கு வந்தது. வந்தது கருப்பட்டியாக, பதநீராக அல்ல.

இதே கணக்கைக் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் போடுகிறார்கள். அங்கே மேப்பிள் மரம். பனிக்காலம் முடியும் தறுவாயில், இரவு உறைபனியும் பகலில் இளவெயிலுமாக இருக்கும் சில வாரங்களுக்கு மட்டும் மரம் இனிப்பு நீர் கொடுக்கும். காய்ச்சும் வீட்டை மரங்களைவிடத் தாழ்ந்த இடத்தில் கட்டினால், சரிவில் போட்ட குழாய் வழியே நீர் தானாகவே ஓடிவரும். மேப்பிள் நீரில் இனிப்பு சுமார் 2 சதவீதம்தான். 1 லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் நீர் வேண்டும். மிச்சமெல்லாம் ஆவியாகிப் போகவேண்டியது. அந்த ஆவிக்கு வழிவிடத்தான் கூரை முகட்டின் நடுவில் இன்னொரு சின்னக் கூரையை உயர்த்தி, கயிறு இழுத்தால் திறக்கும் கதவுகள் வைக்கிறார்கள். முதலில் கொப்பரையின் அளவு, பிறகு அதைச் சுற்றி நடக்க இடம், அப்புறம்தான் சுவர்.

நம் பதநீர் அந்த வகையில் பாக்கியசாலி. இனிப்பு 10 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். ஆனால் மேப்பிள்காரர்கள் பெரும்பாலும் பாகோடு நின்றுவிடுகிறார்கள். நாம் கட்டியாக உறையும்வரை போகிறோம். 12 சதவீத இனிப்புள்ள 100 லிட்டர் பதநீரிலிருந்து ஏறக்குறைய 13 கிலோ கருப்பட்டி தேறும். மீதி 87 லிட்டரை ஆவியாக்க வேண்டும். வெப்பம் துளியும் வீணாகாத அடுப்பு ஒன்று இருந்தால் இதற்கு 15 கிலோ காய்ந்த விறகு போதும். மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பம் காற்றோடு போகிறது என்று வைத்தால், 75 கிலோ. காய்ந்த ஓலை, மட்டை, பன்னாடை, சீமைக் கருவேல முள் என்று பனங்காட்டில் எது கிடைக்கிறதோ அத்தனையும் அந்த அடுப்புக்குள் போவது இதனால்தான்.

தென்மாவட்டங்களில் இந்தக் காய்ச்சும் குடிசைக்கு விடிலி என்று பெயர். பனங்கழி கால், பனையோலைக் கூரை, பனையோலைத் தட்டி. பருவம் முடிந்தால் பிரித்துவிடலாம். செலவில்லாத கட்டடம்தான், குறையில்லாதது அல்ல. ஓலைக்கூரைக்குக் கீழே நாள் முழுவதும் தீ எரிகிறது. ஒரு பொறி போதும். புகை வெளியேற வாசலைத் தவிர வழியில்லை. பெரும்பாலும் ஆண் மரமேறுகிறார், பெண் காய்ச்சுகிறார். அந்தப் புகை முழுவதும் யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பனைத்தொழில் பற்றிய பேச்செல்லாம் மரமேறும் கருவியிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மரத்தில் இருப்பவரின் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. அடுப்படியில் இருப்பவருடையது இருமலாக மட்டுமே வெளியே வருகிறது.

ஆகவே புதுக் கொட்டகையின் வரைபடத்தைக் காய்ச்சுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவதே நியாயம். அடுப்பின் வாய் சுவருக்கு வெளியே இருக்கட்டும். விறகு தள்ளுவது வெளியில், பதநீர் காயும் தாச்சி உள்ளே. கரும்பு வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகளில் பழகிப்போன ஏற்பாடுதான் இது. தாச்சியைத் தரையோடு புதைக்காமல் இடுப்பளவுக்கு உயர்த்தினால் குனிந்தே துடுப்புப் போடவேண்டியதில்லை. புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்தில் கோடைக்காலக் காற்று காலையில் தென்மேற்கிலிருந்தும், பிற்பகலில் கடலிலிருந்தும் வீசுகிறது. அடுப்பு வாய் தெற்கே, புகைபோக்கி வடக்கே என்றால் காற்றே தீயை ஊதிக் கொடுக்கும். புகைபோக்கிக்குப் போகும் சூட்டை வழிமறித்து இரண்டாவது தாச்சி ஒன்றை வைத்தால், அடுத்த ஈட்டுப் பதநீர் அங்கேயே சூடேறிக்கொண்டிருக்கும். கரும்பு வெல்லத்துக்கு லக்னோவிலுள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கொப்பரை அடுப்பே வடிவமைத்திருக்கிறது. கூரைக்கு ஓடு, முகட்டில் கனடாக்காரர்களின் அந்தக் கதவு. சிமென்ட் தரையில் கொஞ்சம் வாட்டம் கொடுத்து, கழுவிய தண்ணீர் வெளியேற ஒரு வடிகால்.

உள்ளே வேலை என்னவோ பழைய வேலைதான். கொதி ஏறும்போது பதநீர் பொங்கித் தாச்சியின் விளிம்புக்கு வரும். இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் தூவினால் நுரை சட்டென்று அடங்கிவிடும். அந்த எண்ணெய்ப் பசைக்குத்தான் அடங்குகிறது. மேப்பிள்காரர்கள் இதே வேலைக்குத் துளி வெண்ணெய் போடுகிறார்கள். நிறம் தேனாகி, தேன் கருத்து, குமிழிகள் கனத்து மெதுவாக வெடிக்கும்போது ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலில் உருண்டால் இறக்கிவிடலாம். பிறகு துடுப்பால் ஓயாமல் கிளறி, நனைத்த சிரட்டைகளில் ஊற்றவேண்டும். ஐந்து நிமிடம் அசந்தால் மொத்த ஈடும் கருகிவிடும் என்பதால், தாச்சிக்கும் சிரட்டை வரிசைக்கும் இடையே இரண்டு எட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கொட்டகை அளவு பெரிதாகப் பெரிதாக வசதி கூடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

குருசுக்குப்பத்து ஆளுக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கடையும் கிடங்கும் அங்கே இருக்கலாம். ஆனால் கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் திறந்து வைத்தால் வியர்த்து, இளகி, அடியில் பாகு கட்டும். காய்ச்சுகிற வீடுகளில் அதை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவைக்கும் வழக்கம் சும்மா வந்ததல்ல. ஊருக்குள் பரணும் புகையும் கிடையாது. காற்றுப்புகாத டப்பாவும், கிழக்குப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையும் வேண்டும்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் சந்தையில் கலப்படம் ஓயவில்லை. பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். விறகுக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது: கடைச் சீனியில் ஆவியாக்கவேண்டிய தண்ணீர் இல்லை. தாச்சியில் 5 கிலோ சீனியைக் கொட்டினால், 40 லிட்டருக்கு மேற்பட்ட பதநீரை ஏறி இறக்கும் உழைப்பும், அதைச் சுண்டவைக்கும் விறகும் மிச்சம். அப்படிக் கலந்ததை நாக்கிலும் கண்ணிலும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த வாரம்.