தட்டில் ஏறாத பாட்டு

இங்கிலாந்து தேசத்தில் லீட்ஸ் என்றொரு நகரம். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மாணவர் உணவருந்தும் கூடம் ஒன்று உண்டு. மேசையும் நாற்காலியும் நிறைந்த சாதாரணக் கூடந்தான். ஆயினும் உலகெங்குமுள்ள ரொக் இசை ரசிகர்கள் அதன் பெயரை அறிவார்கள். காரணம் யாது? 1970ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி இரவு 'தி ஹூ' என்னும் இசைக்குழுவினர் அங்கே பாடினர். பாடியதை ஒலிப்பதிவு நாடாவில் பிடித்து, அதே ஆண்டு மே மாதம் 'லைவ் அற் லீட்ஸ்' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டனர். சோறுண்ணும் கூடம் சரித்திரத்தில் ஏறிவிட்டது! 2006ஆம் ஆண்டில் அதன் சுவரிலே நினைவுப் பலகையும் பதித்தனர்.

இன்னோர் உதாரணம் காண்போம். அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 'ஃபில்மோர் ஈஸ்ட்' என்ற இசை அரங்கு இருந்தது. 1971 மார்ச்சில் 'ஓல்மன் பிரதர்ஸ்' குழுவினர் அங்கே வாசித்தவை ஒலிப்பதிவாயின. ஜூன் மாத இறுதியில் அரங்கை மூடிவிட்டார்கள். ஜூலையிலே இசைத்தட்டு வெளிவந்தது. அரங்கு மறைந்த பின்னரும் அதில் எழுந்த இசையும், கேட்டோரின் கைதட்டலுங்கூட மறையவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இரவை நாம் செவியால் அனுபவிக்க முடிகிறது.

இவற்றை இங்கு எடுத்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதே ஆண்டுகளில், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலைகளுக்கிடையே நம் மக்கள் எதைக் கேட்டார்கள்? எங்கே கேட்டார்கள்? அவற்றுள் இன்று நம் காதுக்கு எட்டுவது எவ்வளவு? இக்கேள்விகளுக்கு விடை தேடுவது நம் கடனன்றோ!

தட்டு வந்த கதை

மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை முதலிற் கூறுவோம். பழைய கிராமபோன் தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிஷப் பாட்டே அடங்கும். 1948இல் நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டு அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. அதில் ஒரு பக்கத்திலேயே இருபது நிமிஷத்துக்கு மேல் பதியலாம். மறு ஆண்டு 45 முறை சுழலும் சிறுதட்டு வந்தது.

நெடுந்தட்டு வந்ததும் இசைவாணரின் எண்ணமும் நீண்டது. பத்துப் பாட்டுக்களைத் தனித்தனியே பாடி விற்பதை விடுத்து, முழுத் தட்டையும் ஒரே காவியம் போல் அமைக்கலாயினர். 1973 மார்ச்சில் வெளிவந்த 'பிங்க் ஃபுளொயிட்' குழுவினரின் 'தி டார்க் சைட் ஒஃப் தி மூன்' என்னும் நெடுந்தட்டு அவ்வகையில் பிரசித்தி பெற்றது. அதிலே பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இசை பெரும்பாலும் அறுவதில்லை. தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு கதை போலச் செல்லும்.

கொழும்பிலே வீசிய காற்று

இக்காற்று இலங்கையிலும் வீசாமலில்லை. 1960களில் கொழும்பு கோல்பேஸ் ஹோட்டலில் 'ஜெட்லைனர்ஸ்' போன்ற குழுக்கள் ஆங்கிலப் பாட்டுக்களை வாசித்துப் புகழ் பெற்றன. 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கினர். சிங்கள மெல்லிசையிலே மின் கிற்றாரைப் புகுத்திய முன்னோடிகளுள் ஒருவரான கிளாரன்ஸ், 1943இல் தேயிலை சூழ்ந்த ஹப்புத்தளையிற் பிறந்தவர் என்பது மலைநாட்டார் நினைவிற் கொள்ளத்தக்கது. ஜெரால்ட் விக்கிரமசூரிய நிறுவிய 'சூரிய' இசைத்தட்டுக்கள் அக்காலத்துப் பாடகர் பலரை வீடுகளுக்குக் கொண்டு சென்றன. 1970களின் தொடக்கத்தில் 'ஜிப்சீஸ்' குழுவும் தோன்றியது.

தமிழரும் பின்தங்கவில்லை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரை மீட்டிக்கொண்டு, பேச்சுத் தமிழிலே நகைச்சுவையும் புத்திமதியும் கலந்து பாடிய பாட்டுக்கள் தமிழ்ப் பொப் இசைக்கு வழி திறந்தன. அவருடைய 'சின்ன மாமியே' பாட்டை அறியாத இலங்கைத் தமிழ் வீடு அரிது எனலாம். ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டிலும் பரவியது. 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' என்ற திரைப்படத்திலும் இடம்பெற்றது. 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று ரசிகர்கள் கொண்டாடிய மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையிற் காலமானார். போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவின் துள்ளலும், மேனாட்டுக் கிற்றாரும், நம்மூர்ப் பேச்சும் ஒன்றாகக் கலந்த இசை அது.

இருவகை அரங்குகள்

இனி மலைநாட்டுக்கு வருவோம். அங்கே இசைக்கென இருவகை இடங்கள் இருந்தன. ஒன்று துரைமார் கூடிய கிளப்புகள். 1876இல் நிறுவப்பட்ட நுவரெலியா ஹில் கிளப், டிக்கோயாவை அடுத்த தரவளைக் கிளப் ஆகியவை இவ்வகையின. மரத்தளம் பாவிய மண்டபம், பியானோ, நடனம் என்று அவ்வுலகம் தனியே இயங்கியது. ஏப்ரல் மாதத்து வசந்த காலத்திலே குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்க, நுவரெலியா ஹோட்டல்களில் மேனாட்டு வாத்தியங்கள் முழங்கின. கொழுந்து பறித்தவருக்கு அம்மண்டபத்தின் வாயிற்படியும் எட்டாத தூரந்தான்.

மற்றொன்று, லயத்துக்கும் கோயிலுக்கும் இடையே கிடந்த வெறும் நிலம். அதற்குக் கூரை இல்லை; நுழைவுச் சீட்டும் இல்லை. மாசி மாதத்தில் அதுவே 'காமன் பொட்டல்' ஆகிவிடும். அமாவாசை கழிந்ததும் காமனை ஊன்றுவார்கள். பௌர்ணமியளவில் காமன் தகனம் நடைபெறும். சிவபெருமானின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிந்து சாம்பராவதும், ரதிதேவி புலம்புவதும் விடிய விடியப் பாட்டாலும் ஆட்டத்தாலும் சொல்லப்படும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் கூத்துக்களும் அவ்வாறே. அருச்சுனனாக வேடம் பூண்டவர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவதைக் காண ஊரே அண்ணாந்து நிற்கும்.

முன்னர் நாம் கூறிய நெடுந்தட்டை வாசகர்கள் இங்கே நினைவுகூர வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அறாமல் ஒரு கதையை இசையாற் சொல்லுவது மேனாட்டு நெடுந்தட்டிலே பிரசித்தி பெற்றது. காமன் பொட்டலிலோ அது ஆண்டுதோறும் நடந்த காரியம்.

தப்பும் ட்ரம்ஸும்

இக்கூத்துக்களுக்கு உயிர் நாடி தப்பு. மரவளையத்தில் தோலை இறுக்கி, தீயிற் காய்ச்சி, இரு குச்சிகளால் அடிக்கும் இக்கருவி தோட்ட வாழ்வின் எல்லாக் கட்டங்களிலும் ஒலித்தது. விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்கு ஆள் கூட்டவும் தப்பு; திருவிழாவுக்கும் தப்பு; சாவுக்கும் தப்பு. அதனதற்குரிய அடி வேறு. அடியைக் கேட்டமாத்திரத்தில் என்ன செய்தி என்று அடுத்த மலையில் இருப்பவர் உணர்ந்து கொள்வர்.

இத்தகைய அரிய கருவியைச் சாதியின் பேரால் இழிவாக எண்ணியவரும் உண்டு. கழுத்திலே கிற்றாரைத் தொங்கவிட ஆசைப்பட்ட வாலிபர், தப்பைக் கையால் தொட வெட்கப்பட்டனர். மேடையிலே ட்ரம்ஸ் அடிப்பவர் 'கலைஞர்'. பொட்டலிலே தப்பு அடிப்பவருக்கு அப்பெயர் கிடையாது. இரண்டும் தோலிலும் தாளத்திலும் பிறந்த ஒலியே என்பதை எண்ணிப் பார்த்தார் சிலரே.

வானொலி என்னும் பாலம்

அவ்விரு உலகங்களுக்கும் இடையே பாலமிட்டது வானொலி. 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்ற அந்நிலையத்தின் தமிழ் வர்த்தக சேவை மலைநாட்டில் மட்டுமன்றித் தென்னிந்தியாவிலும் கேட்கப்பட்டது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரலை அக்காலத்தவர் இன்றும் மறக்கவில்லை.

லயங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அன்று மின்சாரம் இல்லை. இசைத்தட்டுப் பெட்டி வாங்க வசதியும் இல்லை. பற்றரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியே அவர்களின் இசை மண்டபம். திரைப்பாட்டும் பொப் பாட்டும் அதன் வழியாகவே தேயிலைச் செடிகளுக்கிடையே வந்து சேர்ந்தன. ஆனால் வானொலி பெரும்பாலும் ஒரு திசையிலேயே ஓடிய ஆறு. கொழும்பிலிருந்து மலைக்குப் பாட்டு ஏறியது. மலையிலிருந்து பாட்டு கொழும்புக்கு இறங்கியது மிகக் குறைவு.

அழுகைக் கோச்சி

எழுபதுகள் மலைநாட்டாருக்குக் களிப்பின் காலமாக அமையவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டிப் பல உயிர்களைக் குடித்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. இவற்றினும் பெரிது பிரிவுத் துயர். 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது.

தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். அங்கிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியோர் நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறினர். வானொலியில் பொப் இசை துள்ளிய அதே ஆண்டுகளிலேதான் இப்பயணங்கள் நடந்தன.

ஒரு கூத்துக் குழு எவ்வாறு நிலைக்கிறது என்று சிந்தியுங்கள். ஏட்டைப் பாடமாக வைத்திருப்பவர் ஒரு லயத்தில். ரதி வேடம் கட்டுபவர் அடுத்த லயத்தில். தப்படிப்பவர் மேல் மலையில். இவர்களுள் ஒருவர் கோச்சி ஏறினாலே கூத்து ஊனமாகும்; மூவர் போனால் கூத்தே இல்லை. ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கை மூடியபோது இசைத்தட்டு எஞ்சியது. லயம் கலைந்தபோது எஞ்சியது யாது?

ஏட்டில் நின்றது, காற்றில் போனது

சிலவற்றைக் காத்துத் தந்த பெரியோரை நன்றியுடன் நினைக்க வேண்டும். 1930களில் தொழிலாளர் இயக்கத்தை வளர்த்த கோ. நடேசையரின் மனைவியார் மீனாட்சி அம்மையார், பாட்டெழுதிக் கூட்டங்களிலே தாமே பாடி மக்களைத் தட்டியெழுப்பினார். அப்பாட்டுக்கள் அச்சிலும் வந்தன. மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தாலாட்டும் ஒப்பாரியும் தொழிற்பாட்டுமாக மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் 1984இல் மறைந்தார்.

எனினும் அச்சுப் புத்தகம் சொல்லைக் காக்குமேயன்றி, மெட்டைக் காக்காது. எவ்விடத்தில் குரல் இழுத்தது, எவ்விடத்தில் தப்பு நின்று மீண்டும் எழுந்தது, கேட்டிருந்தோர் எங்கே 'ஆமாம்' போட்டனர் என்பவற்றை எழுத்து எவ்வாறு சொல்லும்? 1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து, கசெட் கருவிகள் நாட்டில் மலிந்தன. அதற்குள் பாடியவர் பலர் கடல் கடந்திருந்தனர்.

மாணவர் செய்யத்தக்கது

இதைக் கூறுவதால் வாலிபர் பொப் இசை கேட்பதையோ ரொக் இசை பயில்வதையோ நாம் குறைகூறவில்லை. நல்ல இசை எத்திசையிலிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதே. மேனாட்டாரிடமிருந்து கிற்றாரைக் கற்றது போலவே, தம் இரவுகளைப் பதிந்து வைக்கும் பழக்கத்தையும் கற்கலாமே என்பதுதான் நம் கருத்து.

இன்று ஒலிப்பதிவு செய்யப் பெருங்கூடமும் வேண்டாம், பெரும்பணமும் வேண்டாம். பெரும்பாலான குடும்பங்களில் உள்ள கைத்தொலைபேசியே போதும். விடுமுறையில் தோட்டத்துக்குச் செல்லும் மாணவர், தம் பாட்டனாரும் அப்பாயியும் அம்மாயியும் பாடுவதைப் பதிந்து வைக்கட்டும். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், யாரிடம் கற்றார், எச்சமயத்தில் பாடுவது, பதிந்த திகதி ஆகிய ஆறு விவரங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். பாடுபவரின் சம்மதத்தைப் பெற்றுக்கொள்வது முதற் கடமை. தப்படிப்பவரை மறவாதீர்கள், பிரட்டு அடி, கூத்தின் அடி, சாவு அடி ஒவ்வொன்றையும் தனித்தனியே அடிக்கச் சொல்லிப் பதியுங்கள். பதிந்ததை ஒரே இடத்தில் வைக்காமல், பாடசாலையிலும் வாசிகசாலையிலும் பிரதி வையுங்கள்.

2023ஆம் ஆண்டிலே 'மலையகம் 200' என்று இரு நூற்றாண்டு வரலாற்றை நம் மக்கள் நினைவுகூர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தும் சென்றனர். பாதங்கள் நடந்த வழியை மீண்டும் நடக்கலாம். பாடிய குரல் ஓய்ந்துவிட்டால் அதை மீட்பது எங்ஙனம்? காமன் கூத்து இன்னும் சில தோட்டங்களில் நடைபெறுகின்றது. ஏட்டை மனத்திற் சுமந்த முதியவர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். வருகின்ற மாசி மாதம், பொட்டலிலே தப்பைத் தீயில் காய்ச்சும்போது, பக்கத்தில் ஒரு மாணவர் பதிவுக் கருவியுடன் அமர்ந்திருப்பாராயின், அது அவர் தம் ஊருக்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.