பன்னிரண்டு மணிக்கு விடியும் நாடு

எத்தியோப்பியாவுக்குப் புறப்படுவோரிடம் நான் முதலிற் கூறுவது, "அங்கே மணி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்பதே. கேட்போர் நகைப்பர். நானும் ஒருகாலத்தில் நகைத்தவன்தான்.

அந்நாட்டின் வடபகுதியிலுள்ள கோண்டார், பதினேழாம் நூற்றாண்டின் அரண்மனைகள் நிற்கும் பழைய நகரம். அங்கிருந்து தானா ஏரிக்கரையிலுள்ள பாஹிர் தார் நகருக்குச் செல்ல ஒரு வேனில் இடம் பதிவு செய்திருந்தேன். மூன்று மணிக்குப் புறப்படும் என்றார்கள். உணவருந்திவிட்டு இரண்டரை மணிக்கே போய் நின்றேன். வண்டி இல்லை, அது காலை ஒன்பது மணிக்கே போய்விட்டது! அருகே காப்பி விற்றுக்கொண்டிருந்த பெண்மணி தம் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினார். அதில் மணி எட்டரை.

கடிகாரத்திற் பிழையில்லை, மாணவர்களே! நம் ஆறு மணி அவர்களுக்குப் பன்னிரண்டு. சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் சென்றால் பகல் ஒன்று. அவ்வாறே மாலையிலிருந்து இரவுக்கணக்கு தொடங்கும். நம்மவர் ஜாதகத்தில் உதயாதி நாழிகை எண்ணுவதும் ஏறக்குறைய இம்முறைதானே? நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நாடாதலின், அங்கே பகற்பொழுதின் அளவு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே கணக்கு பிசகுவதில்லை. விமானச் சீட்டில் மட்டும் உலகப் பொதுக் கணக்கே இருக்கும். எவரேனும் மணி சொன்னால், எந்தக் கணக்கு, பகலா இரவா என்று தயங்காமற் கேளுங்கள்.

ஆண்டுக்கணக்கும் அவர்களுக்குத் தனியே உண்டு. முப்பது நாள் கொண்ட மாதங்கள் பன்னிரண்டு. எஞ்சிய ஐந்து அல்லது ஆறு நாள்கள் பதின்மூன்றாம் மாதம். செப்டம்பரிற் புத்தாண்டு. இயேசுநாதர் பிறந்த ஆண்டை வேறுவிதமாகக் கணித்தமையால், நம் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டு பின்தங்கி நிற்பர்; 2000-ஆம் ஆண்டை அவர்கள் வரவேற்றது 2007-இல். நான் கொணர்ந்த விடுதி ரசீதைப் பழைய ரசீதென்று கணக்கர் திருப்பிவிட்டார்! "பதின்மூன்று மாத வெயில்" என்று அந்நாட்டார் நெடுங்காலம் விளம்பரம் செய்ததுண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை அதற்கு இணங்காது. குடை கொண்டு செல்க.

1896-இல் அட்வாப் போரில் இத்தாலியப் படையை முறியடித்த நாடு அது. 1936 முதல் 1941 வரை இத்தாலியர் பிடியிற் சிக்கியபோதும், தன் நாட்காட்டியையும் எழுத்தையும் விட்டுவிடவில்லை. அண்மைக்காலமோ துயர் மிக்கது. வடக்கே டிக்ரேயில் 2020 முதல் 2022 வரை போர். கோண்டார் அடங்கிய அம்ஹாராப் பகுதியிலும் 2023-இற் சண்டை மூண்டது. வடக்கே செல்ல நினைப்போர் நிலைமையை நன்கு விசாரித்தறியாமற் புறப்படலாகாது.

புலால் உண்ணாதார் உணவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அந்நாட்டுக் கிறித்தவர் புதன், வெள்ளிகளில் இறைச்சியும் பாலும் விலக்கி நோன்பிருப்பர். அந்நாள்களில் பருப்பும் கீரையும் 'இஞ்சிரா'வின்மேல் வைத்துக் கிடைக்கும். கேழ்வரகினும் சிறிய 'டெஃப்' தானியத்தின் மாவைப் புளிக்கவைத்து வார்ப்பது அது. பெரிய தோசை போன்றிருக்கும்.

வண்டியைத் தவறவிட்ட எனக்கு அப்பெண்மணி காப்பி தந்தார். பச்சைக்கொட்டையை என் கண்முன்னே வறுத்து, இடித்து, மண்கூசாவிற் காய்ச்சி, மும்முறை ஊற்றினார். முதற் கிண்ணத்தோடு எழுவது மரியாதையன்று. மூன்றாவது முடியுமுன் என் கடிகாரத்தை வாங்கி, சிறுமுள்ளின் மேல் விரல் வைத்து, அதற்கு நேரெதிரேயுள்ள எண்ணைத் தொட்டுக் காட்டினார். அந்த எண்ணே அவர்கள் மணி! மறுநாள் சிறுமுள் ஒன்பதைத் தொடுமுன் வண்டியில் அமர்ந்திருந்தேன்.