குருதிக்கட்டியும் நாம் நிற்கும் இடமும்

கெண்டைக்கால் தசை அசையும்போதுதான் காலின் குருதி நாளங்கள் வழியே நன்கு மேலேறுகிறது. அசைவின்றிக் கிடந்தால் அது தேங்கி உறையலாம். அக்கட்டி கழன்று சுவாசப்பையை அடைத்தால் உயிராபத்து. இதனை 1840களில் பேர்லினில் நிறுவியவர் ருடோல்ஃப் ஃபிர்ஹோ. ஓட்டத் தேக்கம், குழாய்ச்சுவர்ச் சிதைவு, குருதியின் இயல்பு மாற்றம் என்னும் மூன்று காரணிகளும் இன்றும் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகின்றன. 1848இல் மேல் சிலேசியாவின் கொள்ளைக் காய்ச்சலுக்குச் சனநாயகத்தையும் கல்வியையும் மருந்தாகச் சொன்னவரும் அவரே.

தொழிற்சாலையில் நான் அடிக்கடி குதிகாலை உயர்த்தித் தாழ்த்துகிறேன். ஆனால் நாலடி நடக்கலாமா என்பதை இயந்திரப் பட்டியின் வேகமே தீர்மானிக்கிறது. அதற்கு வைத்தியர் மருந்துச்சீட்டு எழுத முடியாது. தொழிலாளர் பிரதிநிதிகள் சபையில்தான் பேசவேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் வயிற்றில் ஏற்றும் ஹெப்பரின் (பன்றிக்குடலிலிருந்து எடுப்பது, ஆசாரசீலர்கள் பொறுத்தருள்க) கட்டி உண்டாவதைத் தடுக்கிறது. மார்க்குமார் குளிசையோ உயிர்ச்சத்து கே-யின் வேலையை மறிப்பது. கீரையில் அச்சத்து மிகுதி. முருங்கைக்கீரையைக் கைவிட வேண்டியதில்லை, அளவைத் திடீரென மாற்றாதிருந்தால் போதும். 2008இல் வந்த ரிவரோக்சபானுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதனோடும் தலையிடிக்கென்று அஸ்பிரினைத் தாமாகச் சேர்ப்பது இரத்தப்பெருக்குக்கு வழி.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுநோ என்றால் 112.